பூம்பாறைக் கிடங்கில் மூன்று ஜோடி மைக்குகள்

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் பேருந்து கிளம்பியபோது என் மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. மடியில் இருந்ததில் மூன்று ஜோடி மைக்குகள். காலடியில் ரெக்கார்டர், ஒயர்கள், மடக்கிய ஸ்டாண்டுகள். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். பெட்டியை மேலே கம்பியில் போடச் சொன்னார் கண்டக்டர். "மடியிலயே இருக்கட்டுங்க, விழுந்தா வீணாப்போகும்" என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

பக்கத்து இருக்கையில் அறுபது வயதுக்காரர் ஒருவர். கொடைக்கானல் பஜாரில் சால்வை, ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறாராம். பெயர் காதர். மகளைப் பார்க்க மதுரைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்.

"உள்ள என்னங்கம்மா, கைப்பிள்ளை மாதிரிப் புடிச்சிருக்கீங்க?"

"மைக்குங்க. பூம்பாறையில ஒரு பாட்டுப் பதிவு."

"ஒரு மைக்குப் பத்தாதா? பெட்டி நெறய கெடக்கே."

ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்கும் என்றேன். மனிதக் குரலை எந்த மைக்கும் ஓரளவு ஒழுங்காகக் கொடுத்துவிடும். ஜால்ரா, சலங்கை, கைதட்டு இவற்றில்தான் சிக்கல். இவற்றின் உயிர் இருப்பது மிக மேலே, கீச்சென்ற சத்தங்கள் வாழும் இடத்தில். சில மைக்குகள் அந்த இடத்தைத் தேவைக்கு மேல் தூக்கிக் காட்டும். கேட்டவுடன் பளிச்சென்று இருக்கும், பத்து நிமிடத்தில் காது வலிக்கும். சில மைக்குகள் அதைத் தின்றுவிடும். நேரில் நின்று கேட்பதுபோல விட்டுவைக்கும் மைக்கைத் தேடி எடுக்க வேண்டும்.

"எது சரின்னு எப்புடிக் கண்டுபிடிக்கிறது?"

"காதுதாங்க சொல்லணும்."

 ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் காது எனக்கு இப்போது இல்லை. இதை இங்கே எழுதிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் நான் எதற்காக அப்படிப் பயந்தேன் என்பது புரியாது. எனக்கு ஐம்பத்தோரு வயது. இருபத்தாறு வருடங்களாக ஒலிப்பதிவுதான் பிழைப்பு. நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு வீணைக் கச்சேரியைப் பதிவு செய்து கொடுத்தேன். மேடை விளக்கின் அடாப்டரிலிருந்து ஊசி போன்ற ஒரு விசில் கச்சேரி முழுக்க ஏறியிருந்தது. கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். "ஒயர்ல கோளாறு" என்று பொய் சொன்னேன். உண்மையில் அந்த விசில் என் காதில் விழவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் விழவில்லை.

அப்புறம் மதுரையிலேயே ஒரு மருத்துவரிடம் காதைச் சோதித்துக்கொண்டேன். கேள்திறன் சோதனைத் தாளில் அவர் காட்டிய கோடு பாதி தூரம் சமதளமாகப் போய், அதன் பிறகு செங்குத்தாக இறங்கியது. "பேச்சுக்குப் பெரிய குறை தெரியாது. ச, ஸ மாதிரி எழுத்து கொஞ்சம் மழுங்கும். ஆனா உங்க தொழிலுக்கு..." என்று நிறுத்திக்கொண்டார். போனது திரும்பாது என்றும் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை. வழக்கமாக உடன் வரும் உதவியாளரையும் இந்த முறை வேண்டாம் என்றுவிட்டேன். அவர் வந்தால் அவருக்குக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஏழரைக்கு வத்தலக்குண்டு. பத்து நிமிடம் நின்றார்கள். நான் இறங்கவில்லை.

அங்கிருந்து கொடைக்கானல் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காமக்காபட்டி சோதனைச் சாவடியில் கார்கள் இ-பாஸ் காட்ட வரிசையில் நின்றன. எங்கள் பேருந்தில் ஏறியவர் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். நுரைப்பஞ்சுக்குள் படுத்திருந்த மைக்குகளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு ஆறு?" என்றார்.  காதர் பாய்தான், "ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி கேக்குமாம்ங்க" என்று என் சார்பில் சொன்னார்.

மலை ஏற ஏற வளைவுகள் நெருங்கின. ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் மூடுபனி சாலையின் மேல் உட்கார்ந்திருந்தது. ஐப்பசி மாதம், முந்தின நாள் பெய்த மழையில் தார் கறுத்துக் கிடந்தது. ஒரு வளைவில் காய்கறி லாரி முன்னால் வந்து நின்றது. எங்கள் டிரைவர் பேருந்தைப் பின்னால் எடுத்தார். என் ஜன்னலுக்குக் கீழே மண் இல்லை, வெறும் வெள்ளைப் பனிதான் இருந்தது. பின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காதர் பாய் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ ஓதினார். லாரி உரசுவதுபோலக் கடந்து போனது.

"முப்பது வருசமாப் போறேன் வர்றேன். இந்த எடத்துல மட்டும் பயம் விடமாட்டேங்குது" என்றார். அவர் அதைக் கூச்சமில்லாமல் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது.

பத்து மணிக்குக் கொடைக்கானல் பேருந்து நிலையம். எனக்காக ஜீப் காத்திருந்தது. டிரைவர் அன்சாரி, நாற்பது வயதிருக்கும். பூம்பாறை போய்த் திரும்ப இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் என்று தொலைபேசியிலேயே பேசியிருந்தோம்.

"வெரசா ஏறுங்க மேடம். மூணு மணிக்கு மேல மழை புடிச்சிரும். அதுக்குள்ள உங்க சோலிய முடிச்சுக்கிட்டா நல்லது."

பூம்பாறை அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பைன் மரங்கள், அப்புறம் அடர்ந்த சோலைக்காடு. பாதி தூரம் போயிருப்போம். அன்சாரி சட்டென்று வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

முன்னால் பனிக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. முதலில் பாறை என்று நினைத்தேன். அது தலையைத் தூக்கியது. காட்டுமாடு. அதன் தோள் எங்கள் ஜீப்பின் கூரை உயரம் இருந்தது. பின்னால் இன்னும் இரண்டு நின்றன. எதிர்ப்பக்கம் பைக்கில் ஒருவர் பனியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அன்சாரி தலையை வெளியே நீட்டி, கத்தாமல், "ஏலே, நில்லுலே. மாடு நிக்குது" என்றார். பைக் நின்றது.

ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை. முன்னால் நின்ற மாடு மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. குளம்பு தாரில் உரசியதும் கேட்டது. மற்றபடி காடு முழுக்க மௌனம். அப்படியொரு மௌனத்தை நான் எங்கும் கண்டதில்லை. பயத்தோடு பயமாக அதை ரசிக்கவும் தொடங்கினேன்.

அன்சாரி மெதுவாகச் சொன்னார்: "இந்தச் சில்வண்டு வேற. காதைக் கிழிக்குது. எல்லாம் சேந்து கத்துது பாருங்க."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தலையைத் திருப்பிக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. அன்சாரி காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். எதிரே பைக்கில் நின்றவரும் முகத்தைச் சுளித்துக் காட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் காடு இரைந்துகொண்டிருந்தது.

மருத்துவர் காட்டியது தாளில் போட்ட கோடு. அதைப் பார்த்தபோதுகூட உள்ளே எங்கோ நம்பாமல்தான் இருந்தேன். இங்கே ஒரு காடு முழுவதும் எனக்கு இல்லாமல் போயிருந்தது. மாடுகள் சரிவில் இறங்கி மறைந்த பிறகும் நான் காட்டின் பக்கமே காதைத் திருப்பி வைத்திருந்தேன்.

"போயிருச்சு மேடம், இனிமே பயமில்ல" என்றார் அன்சாரி.

பூம்பாறை சேர்ந்தபோது பதினொன்றரை. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், பூண்டும் கேரட்டும். பனி விலகியபோதெல்லாம் வயல்கள் தெரிந்தன, மூடியபோது பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை.

பதிவுக்கு அவர்கள் ஏற்பாடு செய்திருந்த இடம் ஒரு கிடங்கு. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. உள்ளே நுழைந்ததும் பூண்டு வாசனை கண்ணைக் கரித்தது. மேலே குறுக்குக் கழிகளில் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது. சுவர் ஓரமாக உருளைக்கிழங்கு மூட்டைகள். கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி எழும்பவில்லை. தொங்கும் பூண்டும் மூட்டைகளும் அதை வாங்கிக்கொண்டன. பதிவுக்கு இதைவிட நல்ல அறை நகரத்தில் கிடைக்காது. ஆனால் தகரக் கூரை. மழை விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது.

கும்மிப் பாட்டுக் குழுவில் ஆறு பெண்கள். தலைமை பேச்சியம்மாள், ஐம்பதைத் தொடும் வயது, சொந்தமாகப் பூண்டு வயல் உண்டு. ஜால்ரா வாசிப்பவள் செல்வி, முப்பத்திரண்டு வயது, கொடைக்கானல் விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. தினமும் பேருந்தில் போய் வருகிறாள், அன்று விடுப்பு எடுத்திருந்தாள். மற்றவர்களில் இருவர் காலில் சலங்கை கட்டுவார்கள். சென்னையில் ஒரு இசை நிறுவனம் இவர்களுடைய ஐந்து பாட்டுகளை வெளியிட விரும்பி என்னை அனுப்பியிருந்தது. பொறுப்பாளர் ரகுராமன் சொன்னது ஒன்றுதான்: "தாளமும் சலங்கையும் நேர்ல கேக்கிற மாதிரியே இருக்கணும் மேடம். கண்ணாடி நொறுங்குற மாதிரி வேண்டாம்."

பேச்சியம்மாள் வணக்கம் சொன்ன கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"போன வருசம் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாருங்க. கோயில் விசேசத்துல போட்டாக. இவ தாளம் தகரத் தட்டத் தட்டுன மாதிரி வந்துச்சு. ஊரே சிரிச்சுச்சு. இவ மூணு மாசம் தாளத்தத் தொடல."

"இந்தத் தடவ அப்புடி வராதுல்லக்கா?" என்று செல்வி கேட்டாள்.

"வராது" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தேன். முதல் ஜோடி, பென்சில்போல மெலிந்த, நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் சின்ன கண்டென்சர் மைக்குகள். கூடுதல் குறைவு இல்லாமல் கொடுப்பவை என்று அவற்றோடு வந்த வரைபடம் சொல்லும். இரண்டாவது ஜோடி ரிப்பன் மைக். உள்ளே மெல்லிய உலோக நாடா ஒன்று காற்றில் அசைந்து ஒலியை வாங்கும். மேல் சத்தங்களை மிருதுவாக்கும். ஊதினாலே நாடா கெட்டுவிடும். மூன்றாவது, பெரிய கண்டென்சர். பாடகர்களுக்குப் பிடித்தது, பளபளப்பாக இருக்கும்.

செல்வியைத் தாளம் போடச் சொல்லி, ஹெட்ஃபோனில் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் இவற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்திருப்பேன். இப்போது மூன்றிலும் ஒரு தட்டல் மட்டும் கேட்டது. ரெக்கார்டரின் திரையில் கோடுகள் வெவ்வேறு உயரத்தில் ஆடின. எது எவ்வளவு என்று கோடு சொன்னது. எது சரி என்று சொல்லவில்லை. ஆறு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுத் தேர்ந்தெடுப்பவள்போலத் தலையை ஆட்டினேன்.

வரைபடத்தை நம்பி முதல் ஜோடியை எடுத்துக்கொண்டேன். அவர்களிடமிருந்து மூன்றடி தூரத்தில் வைத்து முதல் பாட்டைப் பதிவு செய்தேன். நன்றாகப் பாடினார்கள். குரல்களின் எடுப்பும் காலடியும் எனக்கு முழுதாகக் கேட்டன. பாட்டு முடிந்ததும் செல்வி கேட்டாள்:

"நான் கேட்டுப் பாக்கலாமாக்கா?"

மறுக்க வழியில்லை. ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, முகம் சுருங்கியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கீன்னு ஒரு விசில் கேக்குதுக்கா. ஊசி குத்துற மாதிரி. அப்புறம்... என் தாளம் சீறுது. மூஞ்சியில அடிக்குது."

"அது ஒயர்ல..." என்று தொடங்கிவிட்டேன். அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.

"இல்லக்கா. இங்கயே கேக்குதே" என்றாள் செல்வி. மூட்டைகளுக்குப் பின்னால் கையை நீட்டினாள். சுவரில் சின்னதாக ஒரு பெட்டி, சிவப்பு விளக்கு எரிய, பிளக்கில் சொருகியிருந்தது. "எலிய வெரட்டுற மெசின். எங்களுக்குப் பழகிப்போச்சு, கவனிக்கிறதில்ல. இதக் கேட்டதும்தான் தெரியுது. உங்களுக்குக் கேக்கலையா?"

  ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பேச வேறு பொய் இருந்தது, இரண்டு மூன்றுகூட இருந்தன. செல்வி இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கலைம்மா" என்றேன். "எனக்கு அந்த மாதிரிச் சத்தம் கேக்காது. நாலு மாசமா. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

"ஆறு பேரும் வேலைக்குப் போகல இன்னிக்கு. இவ லீவு போட்டுட்டு வந்து நிக்கிறா. நல்லா கேக்குற ஒருத்தர அனுப்பச் சொல்லியிருந்தா அனுப்பியிருப்பாகல்ல? நீங்க சொல்லாம வந்தது தப்புங்க."

"தப்புதாங்க."

"எங்க பாட்டு உங்களுக்கு எப்புடித்தான் கேக்குது?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். "குரல் நல்லாக் கேக்குது. கைதட்டு, கையில பஞ்ச வச்சுக்கிட்டுத் தட்டுன மாதிரி கேக்குது. தாளம் அடிக்கிறது கேக்குது. அடிச்சதுக்கு அப்புறம் இழுத்துக்கிட்டுப் போகுமே, அது இல்ல."

செல்வி தன் கையிலிருந்த ஜால்ராவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் வாசல் பக்கம் போய் வெளியே பார்த்தார். எதிர் மலை மறைந்திருந்தது. மணி ஒன்று.

நான் எழுந்து சொன்னேன். "எந்த மைக்க எங்க வைக்கணும், எப்புடித் திருப்பணும்னு எனக்குத் தெரியும். எது சரியா இருக்குன்னு நீங்க கேட்டுச் சொல்லணும். சரியில்லைன்னா நான் அழிச்சிட்டுப் போயிடறேன். இங்கயிருந்து ஒண்ணையும் கொண்டுபோக மாட்டேன்."

"என்னக்கா சொல்ற, பண்ணுவமா?" என்று செல்வி பேச்சியம்மாளைக் கேட்டாள்.

பேச்சியம்மாள் திரும்பாமலேயே, "அந்த எலி மெசினப் புடுங்கு மொதல்ல" என்றார்.

மூன்று ஜோடியையும் பக்கத்துப் பக்கமாக நிறுத்தினேன். ஒரே பாட்டை மூன்றிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தேன். எது எந்த மைக் என்று சொல்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் சொல்லி ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டினேன். சத்தத்தின் அளவை மூன்றுக்கும் சமமாக வைத்தேன். கொஞ்சம் உரக்கக் கேட்பதுதான் எப்போதும் நல்லதுபோலத் தோன்றும். அதுவரை என் காதின்மேல் வைத்த நம்பிக்கையை, இருபத்தாறு வருடத்தில் கற்ற இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தந்திரங்களுக்கு மாற்றிக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனால் கைக்கு வேலை இருந்தது.

பேச்சியம்மாள் மூன்றாவதைச் சொன்னார். "எடுப்பா கெடக்கு. பளிச்சின்னு." மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். அது பெரிய கண்டென்சர். ரகுராமன் வேண்டாம் என்ற கண்ணாடிச் சத்தம் அதில்தான் வரும் என்று என் அனுபவம் சொன்னது. ஆனால் அனுபவத்தை வைத்து ஐந்து பேரிடம் வாதாட எனக்கு அப்போது உரிமை இல்லை.

"முழுப் பாட்டையும் கேளுங்க. அப்புறம் ரெண்டு தடவ கேளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது தடவை பாதியில் பேச்சியம்மாள் ஹெட்ஃபோனைக் கழற்றினார். தாடையைத் தேய்த்துக்கொண்டார். "பல்லு கூசுது. புளியங்காயைக் கடிச்ச மாதிரி."

செல்வி அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேறு ஒரு சோதனை வைத்தேன். மைக் நிற்கும் இடத்தில் அவளை நிற்க வைத்து, ஜால்ராவைப் பேச்சியம்மாளிடம் கொடுத்து அடிக்கச் சொன்னேன். வெறும் காதால் கேட்கட்டும். உடனே ஹெட்ஃபோனில் கேட்கட்டும். எது வெறும் காதுக்குப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லட்டும். அவள் கண்ணை மூடி மூடிக் கேட்டாள். இரண்டை மூன்று தடவை போடச் சொன்னாள். ஒன்றை நான்கு தடவை.

"ரெண்டாவது எனக்குப் புடிச்சிருக்கு. தாளம் பாந்தமா இருக்கு. ஆனா பின்னாடி சலங்கையக் காணோம். கால வைக்கிறாக, சலங்கை வரல. மொதலாவதுல எல்லாம் இருக்கு. கால எடுக்கிறப்ப சலங்கை மெல்ல உதறுமே, அதுகூட இருக்கு. ஆனா என் தாளம் மட்டும் மொகத்துக்கு நேரா வந்து நிக்குது."

இதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன். மைக் தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு. மூன்றடியில் வைத்து நேராக ஜால்ராவைப் பார்க்கத் திருப்பியிருந்தேன். வெண்கலத்தின் விளிம்பிலிருந்து கிளம்பும் கூரான சத்தம் நேர் எதிரேதான் அதிகம் பாயும். முதல் ஜோடியை ஏழடிக்குப் பின்னால் தள்ளினேன். தலைக்கு மேலே உயர்த்தி, முகத்தைச் செல்வியிடமிருந்து விலக்கிச் சலங்கைக் கால்களின் பக்கம் சாய்த்தேன். செல்வியை அரை அடி நகர்ந்து நிற்கச் சொன்னேன். மறுபடி பாடினார்கள். மறுபடி கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்கக்கா."

ஒரு விரல்கடை திருப்பினேன்.

இந்தத் தடவை அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அப்படியே நின்றாள். பிறகு அதைப் பேச்சியம்மாளிடம் நீட்டினாள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "இது இவ தாளந்தான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார்.

மணி ஒன்றே முக்கால். அதற்குப் பிறகு நாங்கள் அவசரப்பட்டோம். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் செல்வி கேட்பாள், தலையசைப்பாள் அல்லது மறுபடி என்பாள். இரண்டாம் பாட்டில் வெளியே யாரோ சாவிக்கொத்தை ஆட்டியது விழுந்திருக்கிறது என்றாள். எனக்கு அது திரையில்கூடத் தெரியவில்லை. மறுபடி எடுத்தோம். பனி வாசல் வழியாக உள்ளே நகர்ந்து வந்தது. ஈரம் பட்டால் கண்டென்சர் மைக்குகள் எண்ணெயில் பொரிவதுபோல இரையத் தொடங்கும், ஆகவே கதவைச் சாத்தினோம். கதவைச் சாத்தியதும் பூண்டு நெடி மூச்சை அடைத்தது. யாரும் இருமக்கூடாது என்று பேச்சியம்மாள் விரலைக் காட்டி எச்சரித்தார்.

நான்கு பாட்டுகள் முடிந்தன. ஐந்தாவது நடுவில், மூன்று இருபதுக்கு, தகரத்தின் மேல் கல்லை வாரி இறைத்ததுபோல மழை இறங்கியது. பாடிக்கொண்டே மேலே பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். கடைசியில் செல்வியின் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றது. காத்திருந்து பார்த்தோம். மழை வலுத்தது.

"மேடம், இப்பக் கெளம்பலைன்னா ரோட்டுல மரம் விழுந்துரும்" என்று அன்சாரி கதவைத் தட்டினார்.

பெட்டிகளை ஜீப்பில் ஏற்றும்போது பேச்சியம்மாள் குடையைப் பிடித்தபடி நின்றார். கோபம் முழுதும் போயிருந்தது என்று சொல்லமாட்டேன். "எல்லாம் முடிஞ்சதும் எங்களுக்கு மொதல்ல அனுப்புங்க. ஊருக்குப் போடுறதுக்கு முந்தி நாங்க கேக்கணும்" என்றார். சரி என்றேன்.

திரும்பும் பதினெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கண்ணாடித் துடைப்பான் ஒன்று வேலை செய்யவில்லை. அன்சாரி தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினார். ஓரிடத்தில் சரிவிலிருந்து செம்மண் வழிந்து பாதிச் சாலையை மூடியிருந்தது. மறுபாதியில் சக்கரம் ஏறியபோது வண்டி பள்ளத்தின் பக்கம் ஒரு சாண் வழுக்கியது. நான் பெட்டியை இறுக்கிக்கொண்டேன். உள்ளே நான்கு பாட்டுகள் இருக்கின்றன, இது எங்கேயும் போய்ச் சேராமல் போய்விடுமோ என்ற நினைப்புத்தான் அப்போது பெரிதாக இருந்தது.

ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஆயிரத்து நூறு ரூபாய். கட்டிலும் போர்வையும் சில்லென்று இருந்தன. சூடாக ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு ரகுராமனுக்கு போன் போட்டேன். 

எல்லாவற்றையும் சொன்னேன், வீணைக் கச்சேரி உட்பட. அவர் இடையில் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது வசந்தி மேடம். நாலு மாசமா ஏன் சொல்லல?"

"பயம்."

"மைக்க யாரு தேர்ந்தெடுத்தது?"

"தாளம் வாசிக்கிறவங்க. செல்வின்னு பேரு. அந்தப் பேரையும் போடணும்."

"அனுப்புங்க. கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். விடுதியின் வைஃபை மெதுவாக நகர்ந்தது. நான்கு பாட்டும் போய்ச் சேர எட்டரை மணி ஆனது.

மறுநாள் காலை ஆறரைப் பேருந்தில் மலை இறங்கினேன். மழை நின்று ஏரியின் மேல் பனி தட்டையாகப் படுத்திருந்தது. வத்தலக்குண்டுக்கு வரும்போது வெயில் வந்துவிட்டது, ஸ்வெட்டரைக் கழற்றினேன். அங்கே பேருந்து நின்றபோது ரகுராமனின் செய்தி வந்திருந்தது. நான்கு பாட்டும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். தாளம் எதிரில் நின்று வாசிப்பதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு வரி: மார்கழிக் கச்சேரிகளை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

மூன்று தடவை படித்தேன். நான்கு மாதமாக எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தேனோ அது நடந்துவிட்டது. பேருந்து நிலையம் அப்படியே இருந்தது. வாழைத்தாரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் என் வீட்டைச் சுற்றியும் இதே இரைச்சல்தான். இந்த இரைச்சலுக்குள் என் குறை யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாமல் இருந்தது. மலைமேல் அது ஒரே நாளில் ஆறு பெண்களுக்கும் தெரிந்துபோனது. கீழே இருந்ததைவிட மேலே அதிகம் பயந்தேன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கிடங்கில் ஒன்றே முக்கால் மணியிலிருந்து மூன்று இருபது வரை நான் செய்த வேலை, கடந்த நான்கு மாதத்தில் செய்ததைவிட நல்ல வேலை. மார்கழிக்கு என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இறங்கி ஒரு டீ வாங்கிக்கொண்டு செல்விக்கு போன் செய்தேன். அவள் வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தாள். நான்கு பாட்டும் தேறிவிட்டன என்று சொன்னேன். பக்கத்தில் யாரிடமோ அதைச் சொல்லிவிட்டு மறுபடி பேசினாள்.

"அப்ப அஞ்சாவது?"

"மழை விட்டதும் வர்றேன்."

"கம்பெனியில அனுப்புறாகளாக்கா?"

"இல்ல. நானா வர்றேன்."

 பேருந்து வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

"வந்தா வெள்ளனே வந்துருங்க. மத்தியானத்துக்கு மேல வானத்த நம்ப முடியாது. நான் முன்னக்கூட்டியே லீவு சொல்லி வைக்கணும்."

"நீ கேட்டாத்தான் ஆகும். உனக்கு லீவு கெடைக்கிற நாளச் சொல்லு, அன்னிக்கு வர்றேன்" என்றேன். மதுரை வண்டி கிளம்பப்போவதாகக் கண்டக்டர் கையை ஆட்டினார். டீயை மீதம் வைக்காமல் குடித்துவிட்டு ஏறினேன்.